பெட்டி, பாய், பாத்திரம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில், "தொழிலுக்கு வெளியே நான் கற்றது" என்ற வரிசையில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "தம்பி, சாப்பாட்டுக்கு முந்தின அரை மணி நேரம் உனக்கு. தயவு பண்ணி காங்கிரீட்டைப் பத்திப் பேசிடாதே!" ஆகவே, கல்லூரிக்கு வருவதற்கு முன்பே எனக்குக் கூட்டு வாழ்க்கை என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்த ஓர் இடத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். அது காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊரில் இருக்கிற எங்கள் லுத்தரன் சபை. இது பிரசங்கம் அல்ல. பயப்படாமல் உட்காருங்கள்.

விடுதியில் நான் லுத்தரன் என்று சொன்னால் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "நீ ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" இரண்டும் இல்லை என்றால் முகம் மாறிவிடும். இன்னொரு குழப்பமும் உண்டு. எங்கள் பெரியவர்கள் சபைப் போதகரை 'ஐயர்' என்றுதான் சொல்வார்கள். "நாளைக்கு எங்க ஐயர் வீட்டுல கோழிக்குழம்பு" என்று முதல் வருடத்தில் நான் சொல்லப்போய், அறையில் இருந்த மூன்று பேரும் திகைத்துப்போனது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

சரி, யார் இந்த லுத்தரன்கள்? 1517 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லுத்தர் என்ற துறவி 95 கருத்துரைகளை வெளியிட்டார். பாவமன்னிப்புச் சீட்டு காசுக்கு விற்கப்பட்ட காலம் அது. அவர் சொன்னதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். கடவுளின் தயவு விற்பனைச் சரக்கு அல்ல, இனாம். நல்லது செய்து அதைச் சம்பாதிக்க முடியாது, சாதியாலோ படிப்பாலோ அதில் கூடுதல் பங்கு கேட்கவும் முடியாது. அப்படி இனாமாக வாங்கிக்கொண்டவன், அடுத்தவனிடம் மட்டும் கறாராகக் கணக்குப் பார்க்கலாமா? இந்தக் கேள்வியில்தான் எங்கள் சபை வாழ்க்கை தொடங்குகிறது.

இந்தச் செய்தி தமிழ்நாட்டுக்கு வந்தது 1706-இல். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் அந்த வருடம் ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படித்தார். தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கே அச்சிட்டு முடிக்கப்பட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு ருசிக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் அளவில் பெரியவை, காகிதமோ கொஞ்சம். ஆகவே சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். ஈயம் எங்கே கிடைத்தது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகட்டை உருக்கினார்களாம். காகிதத்துக்குப் பொறையாற்றில் ஆலை வைத்தார்கள். கையில் இருப்பதை வைத்து வேலையை முடிப்பவன்தானே என்ஜினியர்?

சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் திறக்கப்பட்டது. நான்கு மாதம் கழித்து, 1719 பிப்ரவரியில், அவர் தம் 36-ஆம் வயதில் இறந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். சரியாக 200 வருடம் கழித்து, 1919-இல் பொங்கல் சமயத்தில், ஜனவரி 14 அன்று, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக அமைந்தது. 1956-இல் ராஜா பூஷணம் மாணிக்கம் அதன் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

வரலாறு போதும். ஒரு சபையில் விசுவாசம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டுச் சத்தத்தை வைத்தா? கோபுரத்து உயரத்தை வைத்தா? எனக்குத் தெரிந்த சோதனைகள் மூன்று. பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? பாயில் யார் எங்கே உட்காருகிறார்கள்? பாத்திரத்தில் யாருக்குப் பின் யார் குடிக்கிறார்கள்? கணிப்பொறியில் விடை தேட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் போய்க் கண்ணைத் திறந்து பார்த்தாலே போதும்.

முதலில் பெட்டி.

1523-இல் சாக்சனி நாட்டில் லைஸ்னிக் என்ற சிற்றூர்ச் சபையார் ஒரு பொதுப்பெட்டி வைத்தார்கள். அதற்கு எழுதிய விதிமுறைக்கு லுத்தரே முன்னுரை எழுதி அச்சிட்டார். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள பத்துப் பேர்: பிரபுக்களில் 2, நகரமன்றத்தாரில் 2, நகரத்துச் சாதாரண ஜனங்களில் 3, சுற்றுக் கிராமத்து விவசாயிகளில் 3. பெட்டிக்கு நான்கு பூட்டுகள், நான்கும் வேறு வேறு. நான்கு வகுப்பாருக்கும் ஆளுக்கொரு சாவி. நால்வரும் சேர்ந்து வந்தால்தான் பெட்டி திறக்கும். வருடத்துக்கு மூன்று முறை எல்லார் முன்னாலும் கணக்குப் படிக்க வேண்டும். அந்தப் பணத்திலிருந்து போதகர் சம்பளம், பள்ளிக்கூடம், அநாதைப் பிள்ளைகள், உழைக்க முடியாத முதியோர், நொடித்துப்போன கைத்தொழிலாளிக்குக் கடன். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால், பாருங்க!

இதை நான் முதலில் படித்தபோது பக்தியைவிட வடிவமைப்பு என்னைக் கவர்ந்தது. அந்தப் பத்துப் பேரையும் தேவதூதர்கள் என்று அவர்கள் நம்பவில்லை. மனுஷன் தடுமாறுவான் என்று தெரிந்தே நான்கு பூட்டுப் போட்டார்கள். ஒரு பாகம் பழுதானால் முழுக் கட்டடமும் விழக்கூடாது என்று நாம் படித்தோமே, அதே பாடம்தான்.

இது என் வாழ்க்கையில் உதவிய கதையைச் சொல்கிறேன். எங்கள் கோயில் நூறு வருடத்தைத் தாண்டிய கட்டடம். தேக்குக் கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது, "தம்பி, நீ என்ஜினியர்தானே, மேலே ஏறிப் பாரு" என்றார்கள். இரண்டு உத்திரங்கள் சுவருக்குள் போகும் முனையில் கரையான் அரித்து மாவாகிக் கிடந்தன. கீழே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் இடம். ஏழு லட்ச ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தேன்.

பணம் வராமல் இல்லை. கொடுக்கத்தான் ஆள் இல்லை. காரணம், சபைச் சங்கத் தேர்தல் தகராறு. இரண்டு கட்சி, ஒரு வழக்கு. இந்தத் தரப்பு வசூலித்தால் அந்தத் தரப்பு கொடுக்காது. அந்தத் தரப்பு ரசீது அடித்தால் இந்தத் தரப்பு வாங்காது. உத்திரத்துக்கு இந்த அரசியல் தெரியாது, அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது லைஸ்னிக் பெட்டியின் கதையைக் கூட்டத்தில் சொன்னேன். தளத்துக்கு மட்டும் தனிப் பெட்டி, மூன்று பூட்டு. இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு சாவி. மூன்றாவது சாவி? "காலனியில் இருக்கிற மேஸ்திரிகிட்ட கொடுக்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிஞ்சவர் அவர்தான்" என்றேன். கூட்டம் கப்சிப். எங்கள் சபையில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் காலனிக் குடும்பங்கள். ஆனால் கோயில் சாவி எதுவும் அதுவரை அந்தத் தெருவுக்குப் போனதில்லை.

ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "கணக்கு வழக்கெல்லாம் படிச்சவங்க பாக்குறது, தம்பி. பாவம், அவங்களுக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு?" கோபமே இல்லாத குரல். அதுதான் பயங்கரம். அதற்குப் பதில் சொன்னது நான் அல்ல. ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். "காணிக்கை போடறப்ப அவங்களுக்குத் தொந்தரவுன்னு யாரும் சொல்லலையே, அண்ணே!"

சாவி போயிற்று. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் சேர்ந்து நின்று பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் நான்கு வருடமாக முகம் பார்த்துப் பேசாதவர்கள். முதல் மாதம், "எண்ணியாச்சா?" "ஆச்சு." அவ்வளவுதான் பேச்சு. மேஸ்திரி நடுவில் நின்று தொகையை உரக்கச் சொல்வார். மறுநாள் அது கோயில் வாசல் பலகையில் இருக்கும். அவரே கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துத் தளம் போட்டார். பதினான்கு மாதத்தில் வேலை முடிந்தது. இரண்டு பேரும் நண்பர்களாகிவிட்டார்களா என்று கேட்டால், இல்லை. வழக்கும் முடியவில்லை. ஆனால் ஒருவர் மனைவி இறந்தபோது மற்றவர் கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்தார். பெட்டி மூன்று பேரை ஒரே இடத்தில் நிற்கவைத்தது. அதற்கு மேல் பெட்டியால் செய்ய முடியாது.

இரண்டாவது, பாய்.

பெருமையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது நேர்மை ஆகாது. தரங்கம்பாடி ஆலயத்திலேயே உயர்சாதி என்று சொல்லிக்கொண்டவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் தனித்தனி இடங்களில்தான் உட்கார்ந்தார்கள். 1733 டிசம்பரில் ஆரோன் என்ற தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் தமிழ்க் குரு. கடலூரில் பிறந்த வேளாளர். அதே காலத்தில் இராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். தஞ்சை அரசரின் படையில் சேவகராக இருந்தவர். தமிழ் வேதப் புத்தகத்தைப் படித்து இந்த விசுவாசத்துக்கு வந்தவர். அடி உதைக்கு அஞ்சாமல் தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தவர். அவரையும் குருவாக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் தயங்குவார்கள் என்று விட்டுவிட்டார்கள். 1741-இல் தியோகு என்பவருக்கு அபிஷேகம் நடந்தது. இராஜநாயக்கன் 1771-இல் உபதேசியாராகவே இறந்தார்.

அடுத்த நூற்றாண்டில், 1833-இல், கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், கோயிலுக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். பின்னால் லைப்சிக் மிஷன் வந்தபோது அவர்களில் கணிசமானவர்கள் லுத்தரன் சபைக்கு வந்தார்கள். ஏன்? இங்கே அவ்வளவு கண்டிப்பு இல்லை. அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்துத் தந்த பேரறிஞர். தமிழை அப்படி நேசித்தவர். ஆனால் சாதியை உடனே விட்டாக வேண்டும் என்று கட்டாயப்படுத்த அவர் சம்மதிக்கவில்லை. பிறப்பால் எல்லாரும் ஒன்று என்று சொன்ன வள்ளுவரை மொழிபெயர்த்தவருக்கே இந்தத் தயக்கம் என்றால் என்ன சொல்வது?

சாதி எங்கும் இருந்ததுதானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 'எல்லாம் இனாம்' என்று அறிவித்த சபைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. இராஜநாயக்கனுக்கு அன்று என்ன நடந்ததோ, மேஸ்திரி பெயர் சொன்னதும் எங்கள் கூட்டம் கப்சிப் ஆனதே, இரண்டும் ஒரே நோய்தான்.

இன்று எங்கள் கோயிலில் பெஞ்சு உண்டு. முன்னால் பிள்ளைகளுக்குக் கோரைப்பாய். யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனாலும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. சில குடும்பங்கள் தாமாகவே பின்னால் போய் உட்காருவார்கள். பிள்ளைகளின் பாயில் மட்டும் அந்தக் கணக்கு கிடையாது. அங்கே சண்டை வருவது மின்விசிறிக்கு நேர் கீழே யார் என்பதற்குத்தான். அந்தப் பாயிலிருந்து எழுந்து, திடப்படுத்தல் எடுத்து, பெஞ்சுக்குப் போகிற வயதில் பழைய இடங்கள் எப்படி அவர்களுக்கு ஞாபகம் வருகின்றன? யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? வீட்டில் நாம்தான்.

மூன்றாவது, பாத்திரம்.

நற்கருணையில் எல்லாரும் பலிபீடத்தின் முன் வரிசையாக முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவோம். இரசம் ஒரே பாத்திரத்தில். மாவட்ட அதிகாரி குடித்த பாத்திரத்தில் அடுத்து மாடு மேய்க்கிறவர் குடிப்பார். பழைய காலத்தில் இதற்கும் வரிசை வைத்திருந்தார்கள். ஒரு சாரார் முதலில், மற்றவர்கள் பிறகு. என் பாட்டி சொல்வார்: "எழுதி வச்ச சட்டம் எதுவும் இல்லடா. கண்ணாலேயே பேசிக்குவாங்க. அவங்க எழுந்து போனப்புறம் இவங்க வருவாங்க." இது மாற எங்கள் ஊரில் ஒரு தலைமுறை ஆயிற்று. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த நம் நாட்டில், ஒரே குவளை என்பது சின்ன விஷயம் அல்ல.

பிறகு 2020 வந்தது. மார்ச்சில் ஊரடங்கு, கோயில் கதவு மூடியது. மறுபடி திறந்தபோது பல சபைகளில் பொதுப் பாத்திரம் இல்லை. அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுத்தார்கள், அல்லது ஆளுக்கொரு சிறு கிண்ணம். நோய்க்காகச் செய்தது, நியாயம்தான். ஆனால் எங்கள் காலனிப் பாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, காய்ச்சல் போனப்புறம் அந்தப் பாத்திரம் திரும்ப வருமா, வராதா? அதுல பங்கு கிடைக்க எங்க அம்மா எத்தனை வருஷம் காத்துக்கிடந்தா தெரியுமா?" எனக்கு அது வெறும் வழிபாட்டு முறை. அவருக்கு அது பட்டா. எங்கள் சபையில் பெரியவர்கள் கூடிப் பேசி, விரும்புகிறவர்களுக்குப் பொதுப் பாத்திரம், மற்றவர்களுக்குத் தோய்த்த அப்பம் என்று வைத்தார்கள். முதல் ஞாயிறு அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் பொதுப் பாத்திரத்துக்கு முழங்கால் போட்டவர் நம் டீச்சரம்மா.

நண்பர்களே, கிறிஸ்தவர் அல்லாத உங்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் விடுதி மெஸ்ஸை நினைத்துப்பாருங்கள். டிவைடிங் சிஸ்டம். மாதக் கணக்கு பலகையில். நீண்ட மேஜையில் யார் பக்கத்தில் யார் என்று கிடையாது. எவர்சில்வர் தம்ளர் எல்லாம் ஒரே மாதிரி. சாம்பாரைத் திட்டினோம், ஆனால் மேலே சொன்ன மூன்று சோதனையிலும் அந்த மெஸ் தேறியது. இங்கிருந்து போனபிறகு நாம் சேர்ந்திருக்கிற அடுக்குமாடிச் சங்கம், கோயில் கமிட்டி, ஊர்ப் பொதுநிதி, அலுவலகக் கேண்டீன் — இவையெல்லாம் தேறுமா? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு நம் அடுக்களையில் எந்தத் தம்ளர்?

லுத்தர் இன்னொன்றும் சொன்னார். குரு மட்டும் அழைப்புப் பெற்றவர் அல்ல. செருப்புத் தைப்பவரும் பால் கறப்பவரும் தம் வேலையின் மூலமே அடுத்தவருக்கு ஊழியம் செய்கிறார்கள். அப்படியானால் வரைபடம் போடுகிற நாமும்தான். நாம் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் காசில் ஒலிபெருக்கி, கிரானைட் தரை, ஏசி எல்லாம் வந்துவிட்டது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முப்பது ரூபாய்ப் பூசணிக்காயை ஆயிரத்துக்கு எடுக்கிறோம். நல்லது. ஆனால் எங்கள் ஊரில் குறைந்தது பணம் அல்ல, பூட்டைத் திறக்க வந்து நிற்கிற ஆள். வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகும்போது, நன்கொடைக் கல்வெட்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, கணக்கு நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாவி எந்தத் தெருவுக்கெல்லாம் இதுவரை போகவில்லை என்று விசாரியுங்கள். அந்தத் தெருப் பெயரைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் கூட்டம் கப்சிப் ஆகும். ஆகட்டும். யாராவது ஒரு டீச்சரம்மா எழுந்திருப்பார்.